கவுண்டருக்கு உள்ளேயிருந்து: வங்கிப் பாதுகாப்பு பற்றி மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரத்திலும் பிறகு கல்முனையிலும் வங்கிக் கவுண்டருக்கு உள்பக்கம் இருந்து வேலை செய்த காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. ஓய்வு பெற்ற பிறகும் விட்டபாடில்லை. கல்லடிப் பாலத்தில் காற்று வாங்கப் போனாலும் கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் "சேர், ஒரு சின்ன விசயம்" என்று தொடங்கிவிடுவார். சின்ன விசயமாக ஒருநாளும் இருந்ததில்லை. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வங்கி தன்னைக் காத்துக்கொள்வதும் உங்களைக் காப்பதும் பல இடங்களில் ஒன்றுதான். சில இடங்களில் ஒன்றல்ல. அந்தச் சில இடங்களையும் மறைக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

நெல் விற்ற காசைத்தான் போட வருகிறேன். களவெடுத்தவனை விசாரிப்பது போல் ஏன் கேட்கிறார்கள்?

பெரும்போக அறுவடை முடிந்து பெப்ரவரி, மார்ச் வந்தால் எங்கள் கிளைகளில் காசு எண்ணும் இயந்திரத்துக்கு ஓய்வே இருக்காது. வெல்லாவெளியிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் உரப்பையில் காசைச் சுற்றி மோட்டார் சைக்கிளின் முன்னுக்கு வைத்துக்கொண்டு வருவார்கள். சேற்றில் நின்று உழைத்த காசு. "எங்கிருந்து வந்தது?" என்று கேட்டதும் அந்த முகம் சுருங்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

காரணம் சட்டம். 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், 10 இலட்சம் ரூபாவோ அதற்கு மேலோ காசாகப் போட்டாலும் எடுத்தாலும் அதை வங்கி அறிவிக்க வேண்டும். அதே அளவு தொகை இலத்திரனியல் வழியில் மாறினாலும் அப்படியே. அறிவிப்பு போகும் இடம், மத்திய வங்கிக்குள் இயங்கும் நிதியியல் உளவறிதல் பிரிவு. இது உங்கள் மேல் வைக்கும் குற்றச்சாட்டு அல்ல. அந்த அளவைத் தாண்டிய எல்லாமே, வைத்தியர் போட்டாலும் வியாபாரி போட்டாலும், பட்டியலில் ஏறும்.

தொகை எல்லையே இல்லாத இன்னோர் அறிவிப்பும் உண்டு. ஒரு கொடுக்கல்வாங்கல் சந்தேகத்துக்கிடமானது என்று வங்கிக்குப் பட்டால், அது ஐம்பதாயிரமாக இருந்தாலும், 2 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். சந்தேகம் எப்படி வருகிறது என்பதுதான் விசயம். கணக்குத் திறக்கும்போது ஒரு படிவம் நிரப்பினீர்களே, தொழில் என்ன, மாதம் எவ்வளவு வரும் என்று? அவசரத்தில் "சுயதொழில்" என்று ஒரு சொல்லை எழுதி, வருமானத்துக்கு ஏதோ ஒரு சின்னத் தொகையைப் போட்டுவிட்டு வந்திருப்பீர்கள். கணினி பிறகு எல்லாவற்றையும் ஒப்பிடுவது அந்தச் சொல்லோடும் அந்தத் தொகையோடும்தான். நாற்பது ஏக்கர் வயல் செய்கிறவர் பதினைந்து வருடத்துக்கு முந்திய படிவத்தில் "கூலி வேலை" என்று இருந்தால், அறுவடைக் காசு வந்ததும் மணி அடிக்கும். அது கணினியின் பிழையல்ல.

ஆகவே ஒருநாள் ஒதுக்கி அந்த விபரங்களைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஆலைக்காரர் தரும் சிட்டையை எறிந்துவிடாமல் பையில் வையுங்கள். கேள்வி அரை நிமிடத்தில் முடியும்.

ஒன்பது இலட்சம் ஒன்பது இலட்சமாகப் பிரித்துப் போட்டால்?

அதுதான் முதலில் பிடிபடும். பிரித்துப் போடுகிறவர்களைத் தேடுவதற்கென்றே கணினியில் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். பத்து இலட்சத்தைச் சாதாரணமாகப் போட்டிருந்தால் பட்டியலில் ஒரு வரியாகப் போயிருப்பீர்கள். பிரித்ததால் ஒருவர் உட்கார்ந்து உங்கள் கணக்கை ஆறு மாதம் பின்னோக்கிப் படிப்பார்.

என்னைப் பற்றி அறிவித்தால் எனக்குச் சொல்வார்களா?

சொல்ல மாட்டார்கள். சொல்வதே குற்றம். உங்கள் சொந்த மச்சான் அந்தக் கிளையில் இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. "அவன் சொல்லியிருக்கலாமே" என்று மனம் நோகாதீர்கள். சொல்லியிருந்தால் அவனுடைய வேலையும் போயிருக்கும், வழக்கும் வந்திருக்கும்.

என் பெயர் யாரோ பயங்கரவாதியின் பெயரோடு ஒத்துப் போகிறதாம். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய காசு மூன்று நாளாக நிற்கிறது. இது நியாயமா?

முஸ்லிம் மக்கள் அதிகம் வாழும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் இந்தக் கேள்வியைக் கேட்காத தெரு இல்லை. தமிழ்ப் பகுதிகளிலும் உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையும் நம் அரசாங்கமும் தடைசெய்த ஆட்கள், அமைப்புகளின் பட்டியல்களை வெளியிடுகின்றன. அந்தப் பட்டியலில் உள்ளவருக்குப் பணம் போகாமல் பார்ப்பது வங்கியின் கடமை. தவறினால் வங்கிக்குத் தண்டம். வெளிநாட்டு வங்கிகள் உறவை அறுத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு பெயரையும் கணினி அந்தப் பட்டியலோடு தட்டிப் பார்க்கிறது.

சிக்கல் எங்கே? பட்டியல் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. நம் பெயர்கள் ஆங்கில எழுத்துக்குள் போகும்போது ஒழுங்காக உட்காருவதில்லை. முகம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாக எழுதலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், கடவுச்சீட்டில் மூன்றாவது விதம் என்று ஒரே ஆளிடமே மூன்றும் இருக்கும். தமிழர்களுக்கு வேறு தொல்லை. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கி நிற்கிறது. கணினியோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டியைக் காட்டி நிரப்பு என்கிறது. எழுத்து மாறினாலும் தப்பவிடக் கூடாது என்பதற்காக, "கிட்டத்தட்ட ஒத்துப்போனால் நிறுத்து" என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது நிறுத்துகிறது. பிறகு ஒரு மனிதர் பிறந்த திகதி, பிறந்த இடம், அடையாள அட்டை இலக்கம், தகப்பன் பெயர் எல்லாவற்றையும் ஒப்பிட்டு "இவர் அவரல்ல" என்று விடுவிக்க வேண்டும். அந்த மனிதர் பெரும்பாலும் கொழும்பில் இருப்பார். வெள்ளிக்கிழமை பின்னேரம் நின்ற காசு திங்கள்தான் அசையும்.

நியாயமா என்று கேட்டால், முறை நியாயம், அதைச் செய்யும் விதத்தில் மரியாதை குறைவு என்பேன். ஒரு உம்மாவைக் கவுண்டரில் நிற்க வைத்து, வரிசை முழுக்கக் கேட்கும்படி "உங்கட பேர் லிஸ்ட்ல இருக்கு" என்று சொன்ன ஒரு உத்தியோகத்தரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது ஒரு கணினித் திரை. அந்தத் தாய் அடுத்த மாதம் வேறு வங்கிக்குப் போய்விட்டார்.

நீங்கள் செய்யக்கூடியது: அனுப்புகிற மகனுக்கு உங்கள் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதி அனுப்புங்கள். கடைசியில் ஆங்கில எழுத்தோடு முடியும் பழைய 9 இலக்க அட்டையும் 12 இலக்கப் புதிய அட்டையும் இருந்தால், இரண்டு இலக்கத்தையும் வங்கியில் பதியுங்கள். ஒருமுறை நின்று விடுபட்ட பெயரை "இவர் அவரல்ல" என்று குறித்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

இந்தப் பெயர் வடிகட்டலால் எப்போதாவது யாருக்காவது நன்மை கிடைத்ததா?

கிடைத்திருக்கிறது, அதுவும் ஒரு தற்செயலில். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

இவ்வளவு பூட்டு வைத்த வங்கிக்குள் இணையத்தால் எப்படி நுழைகிறார்கள்?

உலகம் முழுக்கப் பேசிய ஒரு கதையைச் சொல்கிறேன். அதன் வால் இலங்கைக்குள்ளும் நீண்டது.

2016 பெப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. வங்காளதேசத்தின் மத்திய வங்கிக்கு நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கியில் ஒரு டொலர் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கிலிருந்து ஏறத்தாழ 951 மில்லியன் டொலரை மாற்றும்படி 35 கட்டளைகள், வங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் சுவிஃப்ட் என்ற செய்தி முறை வழியாகப் போயின. அனுப்பியவர்கள் திருடர்கள். அவர்கள் உள்ளே வந்தது கதவை உடைத்தல்ல. வேலை கேட்டு வந்த விண்ணப்பம் போன்ற மின்னஞ்சலை அதற்கும் ஒரு வருடம் முன்பே ஊழியர்களுக்கு அனுப்பி, திறந்தவர்களின் கணினி வழியாக நுழைந்து, வங்கி எப்படி நடக்கிறது என்று மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நாள் குறித்த விதத்தைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை டாக்காவில் விடுமுறை. சனி, ஞாயிறு நியூயோர்க்கில் விடுமுறை. திங்கள் சீனப் புத்தாண்டு என்பதால் மணிலாவில் விடுமுறை. அனுப்பிய செய்திகளைத் தானாக அச்சடிக்கும் பிரிண்டரையும் முடக்கிவிட்டார்கள். பிரிண்டர் மக்கர் பண்ணுவது எந்த அலுவலகத்தில் புதிது? ஊழியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நான்கு கட்டளைகளில் 81 மில்லியன் டொலர் மணிலாவுக்குப் போய், சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. ஐந்தாவது கட்டளை, 20 மில்லியன் டொலர், இலங்கையில் ஒரு அமைப்பின் கணக்குக்கு வந்தது. அமைப்பின் பெயரில் "ஃபவுண்டேஷன்" என்று இருக்க வேண்டிய இடத்தில் திருடர்கள் "ஃபண்டேஷன்" என்று எழுத்துப் பிழை விட்டிருந்தார்கள். இடையில் நின்ற டொய்ச்ச வங்கி அதைப் பார்த்து விளக்கம் கேட்டது. இங்கே பணம் வந்த வங்கியிலும், இந்தக் கணக்குக்கு இவ்வளவு பெரிய தொகையா என்று சந்தேகப்பட்டார்கள். பணம் திரும்பிப் போனது.

மிச்சம் 30 கட்டளைகள், ஏறத்தாழ 850 மில்லியன் டொலர்? மணிலாவில் திருடர்கள் தேர்ந்தெடுத்த கிளை இருந்த வீதியின் பெயர் ஜூப்பிட்டர். தடைப்பட்டியலில் இருந்த ஒரு கப்பலின் பெயரிலும் ஜூப்பிட்டர் என்ற சொல் இருந்தது. வடிகட்டி நிறுத்தியது. காத்தான்குடி உம்மாவின் காசை மூன்று நாள் நிறுத்தி வைக்கிற அதே வகை வடிகட்டிதான். வீதிக்கும் கப்பலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் நின்றதைப் பார்க்க மனிதர்கள் வந்தார்கள், பார்த்தபோது மற்ற முரண்களும் தெரிந்தன.

2018 இல் அமெரிக்கா இதற்காக வட கொரியக் கணினி நிபுணர் ஒருவர் மேல் குற்றம் சாட்டியது. மணிலாவுக்குப் போனதில் ஒரு சிறு பகுதிதான் மீண்டது.

சரி, அதற்குப் பிறகு வங்கிகள் என்ன செய்கின்றன?

நம்பாமல் இருக்கப் பழகிக்கொண்டன. ஒருவர் பதிந்த பணமாற்றத்தை இன்னொருவர் அனுமதித்தால்தான் போகும்; பெரிய தொகைக்கு மூன்றாமவர் வேண்டும். இது பழைய பழக்கம்தான். இப்போது அந்த இருவரும் வெவ்வேறு கணினியில், வெவ்வேறு கடவுச்சொல்லோடு, கையில் உள்ள கருவியில் வரும் இலக்கத்தையும் போட்டால்தான் உள்ளே போகலாம். சுவிஃப்ட் இருக்கும் கணினிகளை மற்றக் கணினிகளிலிருந்து பிரித்து வைக்கிறார்கள். கிளையில் மின்னஞ்சல் திறக்கும் கணினியில் நோய் வந்தாலும் அங்கே பரவாது. வீட்டுக்கு வெளிமதில் மட்டும் இருந்தால் போதாது, அறைக்கு அறை கதவும் வேண்டும் என்பது போல.

இரவு பகலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு குழு இருக்கிறது. விடிய மூன்று மணிக்கு ஒரு முகாமையாளரின் பெயரில் யாரோ உள்ளே வந்தால், அந்த முகாமையாளர் லீவில் இருக்கிறாரா என்று பார்ப்பது அவர்கள் வேலை. தம் வங்கியையே உடைத்துப் பார்க்கச் சொல்லி வெளியாட்களுக்குக் கூலி கொடுப்பதும் உண்டு. ஒரு வங்கியில் கண்டுபிடித்த புதுத் தாக்குதலை மற்ற வங்கிகளுக்கு உடனே சொல்வதற்கு நிதித்துறைக்கென்றே ஒரு கணினி அவசரக் குழுவும் இயங்குகிறது. 2021 இல் மத்திய வங்கி தொழில்நுட்ப இடர் பற்றி எல்லா வங்கிகளுக்கும் பணிப்புரை வெளியிட்டது. அதற்குப் பிறகு இதெல்லாம் செய்தால் நல்லது என்ற நிலை போய், செய்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

பிரதி எடுத்து வைப்பது பற்றி ஒரு வார்த்தை. 2023 இல் அரசாங்கத்தின் மேகக் கணினியில் கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், ஏறத்தாழ 5,000 முகவரிகளுடையவை, திரும்பக் கிடைக்காமல் போயின. அந்தக் காலத்துக்குப் பிரதி எடுத்து வைக்கவில்லை. வங்கிகள் அப்படி இருக்க முடியாது. இரண்டாவது இடத்தில் அதே கணக்குகள் உயிரோடு இருக்கும். வருடத்தில் சில நாட்கள் வேண்டுமென்றே பிரதான இடத்தை நிறுத்திவிட்டு இரண்டாவது இடத்திலிருந்து வேலை செய்து பார்ப்பார்கள். ஞாயிறு இரவு "சேவை தற்காலிகமாக இயங்காது" என்று செய்தி வந்தால் அதற்காகவும் இருக்கலாம். திட்டாதீர்கள்.

உள்ளே வேலை செய்பவரே எடுத்தால்?

வெளியில் இருக்கும் கள்ளனை விட வங்கி பயப்படுவது இதற்குத்தான். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு ஆட்கள். வருடத்தில் குறிப்பிட்ட நாட்கள் தொடர்ந்து லீவு எடுத்தே ஆக வேண்டும் என்ற வழக்கமும் இதற்காகத்தான். ஒருவர் மூடி மறைத்து வைத்திருப்பது அவர் இல்லாத நாளில் மற்றவர் கையில் அகப்படும். "நான் ஒருநாளும் லீவு எடுத்ததில்லை" என்று பெருமைப்படும் காசாளரைக் கணக்காய்வாளர் பாராட்ட மாட்டார், கூர்ந்து பார்ப்பார்.

கள்ளன் தேடும் கணக்கு பெரிய கணக்கு அல்ல, யாரும் எட்டிப் பார்க்காத கணக்கு. நம் பகுதியில் அப்படிப்பட்டவை நிறைய: போரில் போனவர்கள், 2004 டிசெம்பர் 26 கடலோடு போனவர்கள், கனடாவுக்கோ கட்டாருக்கோ போய்ப் புத்தகத்தை மறந்தவர்கள். இப்படித் தூங்கும் கணக்குகளைத் தனியாகப் பூட்டி வைத்து, திறக்க மேலதிகாரியின் அனுமதி வேண்டும் என்று வைத்திருப்பது அதனால்தான். உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய வங்கிப் புத்தகம் இருந்தால் ஒருமுறை கொண்டுபோய்ப் பதிந்து பாருங்கள். இறந்தவருடையது என்றால் மரணச் சான்றிதழோடு போங்கள்.

நண்பன் ஒருவன் என் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் ஒரு மாதம் தரச் சொல்கிறான். மாதம் ஒரு தொகை தருவானாம். கொடுக்கலாமா?

கூடாது. இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்தான் கேட்கிறார்கள், அதுவும் கொடுத்த பிறகு.

எந்த இணையத் திருட்டுக்கும் கடைசியில் ஒரு உண்மையான கணக்கு வேண்டும், காசை வெளியே எடுக்க ஒரு உண்மையான ஆள் வேண்டும். 2017 ஒக்டோபரில் தாய்வானின் ஃபார் ஈஸ்டர்ன் இன்டர்நேஷனல் வங்கியின் சுவிஃப்ட் முறைக்குள் புகுந்து ஏறத்தாழ 60 மில்லியன் டொலரை நகர்த்தினார்கள். அதில் ஒரு பகுதி இலங்கைக் கணக்குக்கு வந்தது. கைதானவர்கள் இங்கே கணக்கோடு சம்பந்தப்பட்டவர்கள். எங்கோ கணினி முன்னால் இருந்தவனைப் பிடிக்க வருடங்கள் ஆகும். கணக்குக்காரனைப் பிடிக்க அடையாள அட்டை இலக்கம் போதும்.

உங்கள் கணக்குக்குள் ஏமாற்றுக் காசு வந்தால் வங்கி நிறுத்தும். நிதியியல் உளவறிதல் பிரிவு ஒரு கொடுக்கல்வாங்கலை 7 நாட்கள் வரை நிறுத்தி வைக்கப் பணிக்கலாம். அதற்கு மேல் நீடிக்க மேல் நீதிமன்றத்துக்குப் போவார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது, அட்டையைத்தான் கொடுத்தேன்" என்பது நீதிமன்றத்தில் அவ்வளவு தூரம் ஓடாது. 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தில் தண்டனை 5 முதல் 20 ஆண்டு வரை கடூழியச் சிறை.

வங்கிக்கு வெளியே, ஆள் மூலம் உண்டியலில் வரும் காசுக்கு என்ன குறை? வீட்டுக்கே வருகிறது, விலையும் கூட.

கேட்பது நியாயம். 2022 மார்ச்சுக்கு முன் டொலரை 200 ரூபா அளவில் பிடித்து வைத்திருந்த காலத்தில், வங்கியில் அனுப்பச் சொல்லி நான் யாருக்கும் வாய் திறந்து புத்தி சொன்னதில்லை. பிள்ளை வெயிலில் உழைத்த காசு, எங்கே கூடக் கிடைக்குமோ அங்கே போனார்கள்.

ஆனால் உண்டியல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மகன் டோகாவில் றியாலைக் கொடுக்கிறான். அந்த றியால் இலங்கைக்கு வருவதே இல்லை. இங்கே வேறொருவர் உங்களுக்கு ரூபா தருகிறார், அல்லது உங்கள் கணக்கில் போடுகிறார். அந்த ரூபா யாருடையது? வெளிநாட்டில் டொலரோ றியாலோ தேவைப்படுகிற, இங்கே ரூபாவை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல முடியாத ஒருவருடையது. அவர் சாமான் இறக்கும் வியாபாரியாகவும் இருக்கலாம், போதைப்பொருள்காரனாகவும் இருக்கலாம். உங்கள் கணக்கைத் திறந்து பார்த்தால், உங்களுக்குத் தெரியாத ஊர் ஒன்றிலிருந்து தெரியாத ஆள் போட்ட மூன்று இலட்சம் நிற்கும். ஒருநாள் அந்த ஆள் பிடிபட்டால், அவர் யார் யாருக்குப் போட்டார் என்ற பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும். மகன் அனுப்பிய காசு என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டும் இருக்காது. வங்கி வழியாக வந்திருந்தால் அந்தத் துண்டு தானாகவே இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த நாளில் அது பெரிய வித்தியாசம்.

வங்கியின் பெயரிலேயே எஸ்எம்எஸ் வருகிறது. எப்படிப் பொய்யாக இருக்கும்?

பெயரை யாரும் போட்டு அனுப்பலாம், கடித உறையின் பின்னால் அனுப்புநர் பெயர் எழுதுவது போல. இன்னும் மோசம், உங்கள் போன் அதே பெயரைப் பார்த்ததும் வங்கியின் பழைய உண்மைச் செய்திகளுக்குக் கீழேயே இதையும் கொண்டுபோய் வைத்துவிடும். ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், செய்தி என்ன கேட்கிறது என்று பாருங்கள். இணைப்பைத் தட்டச் சொன்னால் பொய். தபாலில் பொதி வந்திருக்கிறது, சிறு கட்டணம் கட்டுங்கள் என்றாலும் அப்படித்தான். அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு நிற்கப் போகிறது, விபரம் தாருங்கள் என்று வந்தால் பிரதேச செயலகத்துக்கு நேரே போய்க் கேளுங்கள்.

போனுக்கு வந்த ஒருமுறைக் கடவு இலக்கத்தை, அந்த ஓடிபியைச் சொல்லிவிட்டேன். காசு போய்விட்டது. வங்கி திருப்பித் தருமா?

நான் முதலில் சொன்ன அந்தச் சில இடங்களில் இது ஒன்று. வங்கியின் கண்ணில், சரியான கடவுச்சொல்லும் சரியான ஓடிபியும் வந்தன. கட்டளை கொடுத்தது நீங்கள். அதன் பூட்டு உடையவில்லை. சாவியைக் கொடுத்தது நீங்கள். பெரும்பாலும் தராது. இதை மூடி மறைத்து ஆறுதல் சொல்வதில் பயனில்லை.

ஆனால் நேரம் இருக்கிறது. வங்கிக்கு வங்கி காசு இப்போது சில விநாடிகளில் போய்விடுகிறது. 2015 இல் அந்த முறை வந்தபோது எல்லோருக்கும் சந்தோசம், கள்ளனுக்கும்தான். போன காசை அவன் ஏடிஎம்மில் எடுக்கும் வரைதான் உங்களுக்கு அவகாசம். அழுவது, கணவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பது, நாளைக்குக் கிளைக்குப் போகலாம் என்பது எல்லாம் பிறகு. உடனே அட்டையின் பின்னால் உள்ள 24 மணிநேர இலக்கத்துக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். காசு போன வங்கிக்கும் தெரிவிக்கச் சொல்லுங்கள். அழைத்த நேரத்தையும் பேசியவரின் பெயரையும் எழுதி வையுங்கள். வங்கி நீங்கள் அழைத்த பிறகும் காசைப் போகவிட்டிருந்தால் கதை மாறும். அப்போது பொறுப்பு அவர்கள் பக்கம் சாய்கிறது. அப்புறம் பொலிஸில் முறைப்பாடு, வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு. பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவு, தொலைபேசி இலக்கம் 1935. கணினித் தாக்குதல் பற்றி ஆலோசனைக்கு, நாட்டின் கணினி அவசரக் குழுவான இலங்கை சேர்ட், தொலைபேசி இலக்கம் 101.

வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் அதிகம். ஆசிரியர்கள், பொறியியலாளர்கள், ஒரு வங்கி உத்தியோகத்தர் கூட என்னிடம் இரகசியமாக வந்து சொல்லியிருக்கிறார்கள். ஏமாற்றுகிறவன் முழுநேரத் தொழிலாகச் செய்கிறான். நீங்கள் மீன் கழுவிக்கொண்டே போன் எடுக்கிறீர்கள். சமமான போட்டியல்ல.

வங்கியையே உடைத்து என் வைப்பை எடுத்தால்?

அது வங்கியின் நட்டம், உங்களுடையது அல்ல. பலர் வைப்புக் காப்புறுதியோடு இதைக் குழப்புகிறார்கள். ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரையான அந்தக் காப்புறுதி, வங்கியே அனுமதி இழந்து மூடப்பட்டால் கிடைப்பது. திருட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஏடிஎம் பாதுகாப்பா?

சிப் வந்த பிறகு அட்டையைப் பிரதி எடுப்பது கடினமாகிவிட்டது. இலக்கத்தை அழுத்தும்போது மறு கையால் மூடுங்கள். அட்டை நுழையும் வாய் ஆடினால் போட வேண்டாம். காசு எடுக்கத் தெரியாத பாட்டிக்கு உதவுகிறேன் என்று வரும் தம்பிமாரைத்தான் நான் இயந்திரத்தை விட அதிகம் பயப்படுவேன்.

எச்சரிக்கைச் செய்தி எல்லாம் ஆங்கிலத்தில் வருகிறது. அம்மாவுக்கு எப்படி விளங்கும்?

விளங்காது. இது எனக்கு நீண்ட நாள் மனக்குறை. கள்ளன் சுத்தத் தமிழில் பேசுகிறான், "அம்மா, நான் வங்கியில இருந்து கதைக்கிறன்" என்கிறான். வங்கியோ "இதை யாரிடமும் பகிராதீர்கள்" என்பதை ஆங்கிலத்தில் அனுப்புகிறது. கூட்டங்களில் இதைச் சொன்னபோது ஒரு மேலதிகாரி, தமிழ் எழுத்தில் அனுப்பினால் ஒரு செய்தி இரண்டு செய்தியாகக் கணக்காகிறது, செலவு கூட என்றார். கணக்கு சரிதான். சில வங்கிகளில் இப்போது மொழியைத் தெரிவு செய்யலாம். உங்கள் கிளையில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்ததற்குப் பதில் போட வேண்டும்.

அதுவரை அம்மாவுக்கு என்ன ஏற்பாடு செய்வது?

என் அம்மாவுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். அவருடைய ஓய்வூதியம் விழும் கணக்குக்கு இணைய வசதியே எடுக்கவில்லை, அட்டையும் இல்லை. புத்தகத்தோடு நேரே போய்த்தான் எடுக்க வேண்டும். ஏடிஎம் அட்டை வேறொரு சின்னக் கணக்குக்கு, அதில் மாதச் செலவுக்கு மட்டும் காசு. அட்டையால் ஒரு நாளில் எடுக்கக்கூடிய தொகையையும் கிளையில் எழுதிக் கொடுத்துக் குறைத்து வைத்தோம். முதல் மாதம் "ஏன்டா என்ட காசை எனக்கே எடுக்க முடியாமப் பண்ணினாய்" என்று நன்றாக ஏசினார். இரண்டாம் மாதம் யாரோ அழைத்து அட்டை இலக்கத்தைக் கேட்டிருக்கிறார்கள். "புத்தகம்தான் இருக்கு மகன், வாசிக்கவா?" என்று இவர் கேட்க, மறுபக்கம் போனை வைத்துவிட்டார்கள்.